வட்டிக்கடையும் விடாமுயற்சியும்: ப. சிங்காரத்தின் ‘கடலுக்கு அப்பால்’ நாவலை முன்வைத்து

‘உழைப்பால் உயர்ந்தவர்’ என்னும் தொடர் மலேசியத் தமிழரிடையே பெருவழக்காக வழங்கி வருகிறது. வணிகர் ஒருவரின் மணிவிழா மலரிலும், நாளிதழ்களில் வெளிவரும் வாழ்க்கைக் குறிப்புகளிலும், தன்முனைப்புப் பயிற்சி நடத்துவோரின் பேச்சிலும் இத்தொடர் தவறாது இடம்பெறுகிறது. நம் மாணவர்கள் எழுதும் கட்டுரைகளும் இதற்கு விலக்கல்ல. ‘முயற்சி’ எனத் தலைப்புக் கொடுத்தால் ஆள்வினையுடைமை அதிகாரத்துக் குறள் ஒன்றைத் தொடக்கத்தில் வைத்து, வெறுங்கையோடு கப்பலேறி வந்து பெருஞ்செல்வரான ஒருவரைச் சான்றாகக் காட்டி, அவர்போல் நாமும் உழைத்தால் உயரலாம் என்று முடிக்கின்றனர். ஆசிரியர்களாகிய நாமும் அக்கட்டுரைகளுக்கு நல்ல புள்ளிகளே வழங்கி வந்துள்ளோம்.

இக்கூற்று முற்றிலும் பொய்யென்று நாம் வாதிட வரவில்லை. உழையாமல் வணிகத்தில் நிலைத்தவர் அரியர். ஆயினும் உழைத்தும் நிலைக்காதவர் எத்துணைப் பேர் என்பதை இக்கூற்று ஒருபோதும் கேட்பதில்லை. வென்றவரின் வாழ்க்கையைப் பின்னிருந்து நோக்கி, அங்குக் காணப்படும் உழைப்பை வெற்றிக்குக் காரணமாக்குகிறது. தோற்றவரின் உழைப்பை நோக்குவதே இல்லை. இலக்கியம் இவ்விடத்தில் நமக்கு உதவக்கூடும். ஏனெனில் தோற்றவனையும் உள்ளிருந்து காட்டும் வாய்ப்பு புனைகதைக்கு உண்டு. பினாங்கைக் களமாகக் கொண்ட ப. சிங்காரத்தின் ‘கடலுக்கு அப்பால்’ என்னும் நாவலை இந்நோக்கில் வாசிப்பதே இக்கட்டுரையின் முயற்சியாகும்.

நாவலும் அதன் வாசிப்புகளும்

சிங்காரம் 1920 இல் சிங்கம்புணரியில் பிறந்தவர். 1938 இல் சுமாத்திராவின் மேடான் நகருக்குச் சென்று கடையொன்றில் பணிபுரிந்தார். போர் முடிந்து 1946 இல் தமிழகம் திரும்பியவர், மதுரையில் ‘தினத்தந்தி’ நாளிதழில் நெடுங்காலம் பணியாற்றி 1997 இல் மறைந்தார். அவர் எழுதிய நாவல்கள் இரண்டே. 1950 அளவில் எழுதப்பட்ட ‘கடலுக்கு அப்பால்’ 1959 இல் ‘கலைமகள்’ இதழின் நாராயணசாமி ஐயர் நினைவுப் போட்டியில் பரிசு பெற்றது. ‘புயலிலே ஒரு தோணி’ 1972 இல் நூலாக வெளிவந்தது.

இவ்விரு நாவல்களும் பெரும்பாலும் போர்க்கால நாவல்களாகவோ புலம்பெயர் நாவல்களாகவோதான் பேசப்படுகின்றன. இந்திய தேசிய ராணுவம், சப்பானியர் ஆட்சி, தோணிப் பயணம் ஆகியன முன்னிற்க, கதைமாந்தர் அன்றாடம் செய்யும் தொழில் பின்னணி என்ற அளவில் ஒதுங்கிவிடுகிறது. வட்டித்தொழில் குறித்துத் தமிழ்த் திறனாய்வு கொண்டிருக்கும் ஒருவகைக் கூச்சமும் இதற்குக் காரணமாகலாம். மலேசியத் தமிழ்ப் புனைகதையிலோ தோட்டப்புற வாழ்க்கையே மேலோங்கி நிற்கிறது; நகரத்து வணிகன் அங்கு வந்தால் பெரும்பாலும் கடன் கொடுத்து வருத்துபவனாகவே வருவான். சிங்காரம் வட்டிக்கடையைப் போற்றவுமில்லை, தூற்றவுமில்லை. அதனுள் சிறுவயதிலிருந்து வேலை பழகியவனின் கண்கொண்டு அதனைக் காட்டுகிறார். இக்காரணத்தால் ‘கடலுக்கு அப்பால்’ நாவலை வணிக நாவலாக வாசிப்பதற்கு இடமுண்டு என்பது நம் கருத்து.

கதையின் மையம் எளியது. செல்லையா பினாங்கில் வயிரமுத்துப் பிள்ளையின் வட்டிக்கடையில் பணிபுரிந்தவன். கடையின் விலாசத்தை ஒட்டி முதலாளியை ‘வானாயீனா’ என்று அழைப்பது வழக்கம். செல்லையாவுக்கும் முதலாளியின் மகள் மரகதத்துக்கும் இடையே அன்பு மலர்ந்திருக்கிறது. போர்க்காலத்தில் செல்லையா இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்து அதிகாரியாகிறான். சப்பான் சரணடைந்தபின் பினாங்குக்குத் திரும்புகிறான். வயிரமுத்துப் பிள்ளை அவனுக்குப் பெண் கொடுக்க மறுக்கிறார். அன்னை காமாட்சியம்மாளின் மனம் செல்லையா பக்கம் சாய்ந்திருந்தும் பயனில்லை. மறுப்புக்குக் காரணம் அவன் சோம்பேறி என்பதோ, நாணயமற்றவன் என்பதோ அன்று. துப்பாக்கி ஏந்தியவன் இனி வட்டித்தொழிலுக்கு ஆகமாட்டான் என்பதே முதலாளியின் முடிவு. இம்முடிவைப் பெரும்பாலான வாசகர் ஒரு தந்தையின் பிடிவாதமாகக் கொள்வர். நாம் அதனைத் தொழில் சார்ந்த ஒரு கணக்காகக் கருதுகிறோம். அக்கணக்கை விளங்கிக்கொள்ள வட்டிக்கடையின் அமைப்பை அறிதல் வேண்டும்.

பெட்டியடியிலிருந்து மேலாள் வரை

நாட்டுக்கோட்டை நகரத்தார் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே பினாங்கில் கால் ஊன்றினர். தண்ணீர்மலைப் பகுதியில் அவர்கள் எழுப்பிய தண்டாயுதபாணி கோயில் 1857 ஐச் சார்ந்தது. தைப்பூசத்திற்கு அவர்கள் இழுக்கும் வெள்ளிரதம் 1894 இல் தமிழகத்திலிருந்து வந்தது. பினாங்கு வீதியை ஒட்டிய பகுதியில் அவர்களின் கிட்டங்கிகளும் கோயில் வீடும் அமைந்தன. நகரத்தார் வகுத்த தொழில்முறையைப் பிற வகுப்பினர் சிலரும் பின்பற்றினர். நாவலில் வரும் வயிரமுத்துப் பிள்ளை அத்தகையவரே.

கிட்டங்கி என்பது ஒரு நீண்ட கூடம். அதில் பல கடைகள் அடுத்தடுத்து இயங்கும். ஒவ்வொரு கடைக்கும் உரியது ஒரு பாயளவு இடமும், சாய்ந்த மேற்பலகையுடைய ஒரு கைப்பெட்டியும், ஓர் இரும்புப் பெட்டகமுமே. பகலில் அலுவலகமாகவும் இரவில் படுக்குமிடமாகவும் அதுவே பயன்பட்டது. தொழில் பழக வரும் சிறுவன் ‘பெட்டியடிப் பையன்’ எனப்பட்டான். கடையைப் பெருக்கித் துடைப்பதும், ஏவல் செய்வதும், கடன் தவணை கேட்டு வீதி வீதியாக நடப்பதும் அவன் வேலை. அதனூடே குறிப்பேடு எழுதவும், பேரேட்டில் பற்றுவரவு ஏற்றவும், வட்டி கணக்கிடவும், வருபவனின் முகம் பார்த்துக் கடன் தாங்குவானா என மதிப்பிடவும் கற்றான். தேர்ந்தபின் ‘அடுத்தாள்’ ஆனான். அதற்கும் மேல் ‘மேலாள்’, அதாவது ஊரிலிருக்கும் முதலாளியின் சார்பாகக் கடையை முழுதும் நடத்துபவன். மேலாளின் பணிக்காலம் பொதுவாக மூன்றாண்டுகள். சம்பளத்தில் ஒரு பகுதி முன்னதாகவே ஊரிலுள்ள குடும்பத்திடம் கொடுக்கப்பட்டது. கணக்கு முடிக்கும்போது இலாபத்தில் ஒரு பங்கும் கிடைக்கக்கூடும். ஊருக்குச் சென்று சிலகாலம் தங்கி மீண்டும் அடுத்த கணக்குக்குக் கப்பலேறுவான்.

இவ்வமைப்பில் கடுமையான உழைப்பு இன்றியமையாதது என்பதில் ஐயமில்லை. எனினும் அவ்வுழைப்பின் இயல்பைக் கூர்ந்து நோக்க வேண்டும். பையனிடம் எதிர்பார்க்கப்பட்டது புதியது காணும் திறன் அன்று. பணிவு, சிக்கனம், கணக்கில் பிழையின்மை, நெடுநாள் காத்திருக்கும் பொறுமை ஆகியவையே எதிர்பார்க்கப்பட்டன. இவை அனைத்தும் பிறர் பணத்தைக் கையாளும் தொழிலுக்கு வேண்டிய பண்புகள். கடையின் முதலில் பெரும்பகுதி உறவினரும் ஊராரும் கோயில்களும் வைத்த வைப்புத்தொகையாக இருந்தது. கடைகள் தம்முள் கொடுத்து வாங்கும் பணத்துக்கான ‘நடப்பு வட்டி’யைக் கோயிலில் கூடி முடிவு செய்வது தென்கிழக்காசிய நகரங்கள் பலவற்றிலும் இருந்த வழக்கம். ஒருவனுடைய பெயருக்குச் சிறு களங்கம் ஏற்பட்டாலும் அப்பணம் அவனிடம் வாராது. ஆகவே விடாமுயற்சி என்பது இங்குத் தனிமனிதக் குணமாக மட்டும் இல்லை. சமூகம் ஒருவனைக் கண்காணித்து, அவனை நம்பலாமா எனத் தீர்மானிக்கும் அளவுகோலாகவும் அது இருந்தது.

சிங்காரத்தின் நாவல்களில் இவ்வொழுங்கு வருணனையாக மட்டுமன்றிப் பேச்சாகவும் வருகிறது என்பது குறிப்பிடத்தக்கது. கடைக்காரர்களின் தொழிற்சொற்கள், மலாய்ச் சொற்கள் கலந்த உரையாடல், விலாசத்தால் ஆளைக் குறிக்கும் வழக்கு ஆகியவற்றை அவர் விளக்கக் குறிப்பின்றியே எடுத்தாள்கிறார். ஆளின் பெயர் மறைந்து விலாசமே ஆளாகிவிடுவதை நாம் இங்குக் கவனிக்கலாம். வயிரமுத்துப் பிள்ளை தம் மகளின் திருமணத்தை முடிவு செய்கையில் தந்தையாக மட்டும் முடிவு செய்வதில்லை. விலாசத்தின் காவலராகவும் முடிவு செய்கிறார்.

மறுப்பின் உட்பொருள்

இனிச் செல்லையாவை நோக்குவோம். அவன் கடை ஒழுங்கில் வளர்ந்தவன். தொழில் தெரிந்தவன். முதலாளியின் நம்பிக்கையைப் பெற்றிருந்தவன். உழைப்பே உயர்வு தருமெனின் அவனுக்கு உயர்வு வந்திருக்க வேண்டும். ராணுவம் அவனுக்கு மேலும் சில திறன்களை அளித்தது. ஆட்களை நடத்துதல், இடர் வந்தபோது நொடியில் முடிவெடுத்தல், தன்னிலும் உயர்ந்த நிலையினர்முன் நிமிர்ந்து நின்று பேசுதல் ஆகியன அவை. இன்று மேலாண்மைப் பாடம் நடத்துவோர் தொழில்முனைவோருக்கு வேண்டுவனவாகப் பட்டியலிடும் பண்புகளும் ஏறத்தாழ இவையே.

வயிரமுத்துப் பிள்ளையின் அளவுகோலில் இவை யாவும் குறைகளாகிவிட்டன. முடிவெடுப்பவன் கேட்டு நடக்கமாட்டான். நிமிர்ந்து பேசுபவனிடம் கடனாளி மனம் திறக்கமாட்டான். உயிரைப் பொருட்படுத்தாதவன் காசைப் பொருட்படுத்துவானா? முதலாளியின் அச்சத்தை நாம் இவ்வாறு விரித்துக் கூறலாம். அவ்வச்சம் பொருளற்றது என்றும் கூறிவிட முடியாது. நாவலாசிரியரும் அவரைக் கொடியவராகப் படைக்கவில்லை. மகள்மீது அன்புடையவராகவும், செல்லையாவின் நற்குணங்களை அறிந்தவராகவுமே காட்டுகிறார். அறிந்தும் மறுக்கிறார் என்பதே இந்நாவலின் வலிமை. மறுத்தபின் அவர் வட்டித்தொழிலுக்கு ஏற்றவன் எனத் தாம் கருதும் வேறொருவனைத் தேர்கிறார்.

இங்கு இருவகை விடாமுயற்சி மோதுகின்றன என நாம் கருதுகிறோம். ஒன்று செல்லையாவினுடையது, சூழல் மாறும்போது தானும் மாறி முன்செல்வது. மற்றொன்று வயிரமுத்துப் பிள்ளையினுடையது. எத்துணை இடர் வரினும் வழிவழி வந்த முறையைக் கைவிடாதிருப்பது. கடையை உருவாக்கியதும் போரினூடே காத்ததும் இரண்டாவது வகையே. அதனாலேயே அதனை ஐயுற வயிரமுத்துப் பிள்ளையால் இயலவில்லை.

நாவல் நிகழும் காலத்தை எண்ணிப் பார்த்தால் இதன் முரண் விளங்கும். 1941 திசம்பர் 11 அன்று பினாங்கின்மீது சப்பானியர் குண்டு வீசினர். அடுத்த சில நாள்களில் தீவு அவர்கள் கைப்பட்டது. 1945 செப்டம்பரில் பிரித்தானியர் மீண்டும் வந்தபோது சப்பானிய நாணயத்தாள்கள் வெறும் தாள்களாயின. ஆட்சிக்காலத்தில் கடனாளிகள் பலர் போருக்கு முன்பு வாங்கிய கடனை அத்தாள்களைக் கொண்டே அடைத்திருந்தனர். அவ்வாறு அடைக்கப்பட்ட கடன்களைப் பொதுவாக ஏற்றுக்கொள்ளும் சட்டம் 1948 இல் வந்தது. 1951 ஆம் ஆண்டின் வட்டித்தொழில் சட்டம் தொழிலை உரிம முறைக்குள் இறுக்கியது. பர்மாவிலோ நிலைமை இன்னும் கடுமையாயிற்று. 1930களின் பொருளாதார வீழ்ச்சியில் கடனுக்கு ஈடாக வந்துசேர்ந்த நிலங்களால் கீழ்ப்பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் கால்பங்கு அளவு விளைநிலம் நகரத்தாருக்கு உரிமையாகியிருந்தது. விடுதலைக்குப் பின் வந்த நிலவுடைமைச் சட்டங்கள் அதனை அவர்களிடமிருந்து நீக்கின. மூன்று தலைமுறை உழைப்பு அங்கு அவ்வாறு முடிந்தது. உழைப்பில் குறையிருந்ததாக யாரும் கூறவில்லை.

வயிரமுத்துப் பிள்ளை 1945 இல் பழைய ஒழுங்கை மீட்க நினைக்கிறார். அவ்வொழுங்கைக் கட்டிக்காக்கும் மருமகனைத் தேடுகிறார். அவர் நிராகரிப்பதோ ஒழுங்கு குலைந்த காலத்தில் வாழக் கற்றுவந்த ஒருவனை. பின்னால் நிகழவிருந்த சட்ட மாற்றங்களை நாவல் பேசவில்லை. பேச வேண்டிய தேவையும் அதற்கில்லை. ஆயினும் 1950 அளவில் மதுரையிலிருந்து எழுதிய சிங்காரத்துக்கு, தாம் விட்டுவந்த உலகம் முன்போல் இயங்கப் போவதில்லை என்பது தெரியாமலிருந்திருக்காது. நாவல் முழுதும் ஒருவகை விடைபெறும் தொனி இழையோடுவதை இதனோடு இணைத்துப் பார்க்கலாம்.

செல்லையா ஏன் தனிக்கடை தொடங்கவில்லை?

இந்நாவலை வகுப்பில் நடத்தியபோது மாணவர் ஒருவர் எழுப்பிய வினா இது. அவ்வளவு திறமையுள்ளவன் முதலாளியின் தயவை ஏன் எதிர்பார்க்க வேண்டும், தானே ஒரு தொழிலைத் தொடங்கலாமே என்பது அவர் கேள்வி. முதலில் நாம் இதனை நாவலுக்குப் புறம்பான கேள்வி என ஒதுக்க நினைத்தோம். பின்னர் எண்ணிப் பார்க்கையில் இதுவே சரியான கேள்வி என்று தோன்றியது.

விடை முன்பே கூறப்பட்ட அமைப்பில் உள்ளது. தனிக்கடை தொடங்குவதற்கு வேண்டியது முதல். முதல் வருவதற்கு வேண்டியது பெயர். பெயர் தருபவர் பழைய முதலாளி. வயிரமுத்துப் பிள்ளை ‘ஆகமாட்டான்’ என்று கருதிய ஒருவனிடம் அதே தெருவில் வேறெவர் பணம் கொடுத்து வைப்பார்? பெட்டியடியில் தொடங்கிப் பல்லாண்டு அவன் சேர்த்த நற்பெயர் அவனுடையதாகத் தோன்றினும், உண்மையில் அது விலாசத்தின் கணக்கிலேயே வரவு வைக்கப்பட்டிருந்தது. அவன் வெளியேறியபோது அது உடன் வரவில்லை.

திருவள்ளுவரை இங்கு நினைவுகூர்தல் பொருந்தும். ஆள்வினையுடைமை அதிகாரத்தில், தெய்வத்தால் ஆகாதெனினும் முயற்சி தன் உடல் வருந்திய அளவுக்குக் கூலி தரும் என்ற கருத்து வருகிறது. மேடைகளில் இக்குறள் வெற்றிக்கு உறுதி அளிப்பதாக எடுத்தாளப்படுகிறது. வள்ளுவர் உறுதியளிப்பது கூலியை மட்டுமே என்பதை நாம் கவனிப்பதில்லை. வருந்திய மெய்க்கு ஈடானது கூலி. முதலுக்கு விளையும் ஊதியமோ வேறு. அது முதலை உடையவரைச் சேரும். செல்லையாவுக்குக் கூலி கிடைத்தது. அதில் குறையில்லை. விலாசத்தில் உரிமை கிடைக்கவில்லை. மேலும், இதே வள்ளுவர் அறத்துப்பாலின் இறுதியில் ஊழுக்கென ஓர் அதிகாரம் வைத்து அதன் வலிமையைக் கூறிவிட்டே, பொருட்பாலில் அதனையும் புறங்காணலாம் எனப் பேசுகிறார். மாணவர்க்கு இரண்டில் ஒன்றையே நாம் கற்பிக்கிறோம்.

பழந்தமிழ் நூல்கள் வணிகரைப் போற்றுமிடத்தும் முயற்சியை முதன்மைப்படுத்தவில்லை என்பது நோக்கத்தக்கது. பட்டினப்பாலை காவிரிப்பூம்பட்டினத்து வணிகரின் நடுவுநிலையைப் பாராட்டுகிறது. கொள்வதில் மிகுதியும் கொடுப்பதில் குறைவும் இன்மையே அவர்களின் பெருமை. சிலப்பதிகாரத்திலோ பொருள் இழந்த வணிகன் ஒருவன் சிலம்பை முதலாகக் கொண்டு புதிய ஊரில் தொழில் தொடங்க விழைகிறான். கோவலனின் மதுரைப் பயணத்தை நாம் வணிக முயற்சியாகப் பார்ப்பதில்லை. பார்த்தால், மனம் திருந்தி எழுந்த முயற்சியும் அயலூரில் அறிமுகம் இல்லாதவனுக்கு எவ்வாறு முடியும் என்பதற்கு அதுவே பழைய சான்றாகும். பொற்கொல்லன் சொல் ஏறியதும் கோவலன் சொல் ஏறாததும் பெயர் பற்றிய சிக்கலே.

தெருவில் கண்டவை

நாவலிலிருந்து சற்று விலகி ஜார்ஜ்டவுனின் வரலாற்றையும் சுருக்கமாக நோக்கலாம். பிரான்சிஸ் லைட் 1794 இல் எழுதிய குறிப்பில், சோழமண்டலக் கரையிலிருந்து ஆண்டுதோறும் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் கப்பலில் வந்து, வணிகமும் பலவகைக் கூலிவேலையும் செய்து, சில வெள்ளிகளைச் சேர்த்துக்கொண்டு ஊர் திரும்புவர், அவர்களுக்குப் பதிலாக வேறு சிலர் வருவர் என்று கூறப்பட்டுள்ளது. அவ்வாறு வந்தோர் அனைவரும் உழைத்தவர்களே. அவர்களுள் வரலாற்றில் பெயர் நிலைத்தவர் கவுதர் முகைதீன். 1801 இல் கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் எழுவதற்குக் காரணமானவர் அவர். அவருடைய ஆற்றலை நாம் குறைத்துக் கூறவில்லை. ஆட்சியாளர் அளித்த தலைமைப் பதவியும் நிலமும் அவ்வாற்றலுக்குத் துணைநின்றன என்பதையும் சேர்த்துக் கூற வேண்டும்.

நாசி கண்டார் வணிகம் இதனின் வேறானது. தோளில் காண்டாக் கம்பைச் சுமந்து, ஒரு முனையில் சோறும் மறுமுனையில் குழம்பும் தொங்க, துறைமுகத் தொழிலாளர்க்கு விற்ற தமிழ் முசுலிம்கள் பெருமுதல் இன்றியே தொடங்கினர். 1907 ஐத் தன் தொடக்க ஆண்டாகக் கொண்ட ஹமீதியா போன்ற உணவகங்கள் இன்றும் நடைபெறுவது அம்மரபின் உறுதிக்குச் சான்று. கூலி முதலாக மாறுவதற்கு அங்கு வழி இருந்தது. ஏனெனில் அன்றன்று ஈட்டியது அன்றன்றே கைக்கு வந்தது. எவருடைய விலாசத்தையும் நம்பியிருக்க வேண்டியதில்லை. எல்லா வணிகத்திற்கும் இவ்வழி திறந்திருக்கவில்லை. சுமாத்திராவோடு நடந்த சரக்கு வணிகம் 1963 முதல் 1966 வரை நீடித்த இந்தோனேசிய மோதலால் நொடித்தது. பினாங்கின் தீர்வையற்ற துறைமுக நிலை 1969 இல் நீங்கியது. வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1999 ஆம் ஆண்டோடு முடிவுக்கு வந்தபோது பழைய கடைவீடுகளில் சொற்ப வாடகைக்கு இருந்த சிறுவணிகர் பலர் இடம்பெயர்ந்தனர். இவர்களை ‘முயற்சி தளர்ந்தவர்’ என்று எந்த மனசாட்சியோடு கூறுவது?

உழைப்பையும் சோம்பலையும் இனங்களுக்கு ஏற்றிப் பேசுவது காலனிய ஆட்சியின் வசதிக்காக உருவான வழக்கம் என்பதைச் சையது உசேன் அலாத்தாசு 1977 இல் வெளிவந்த தம் ‘சோம்பேறி மண்ணின் மைந்தர் என்னும் புனைவு’ பற்றிய நூலில் நிறுவினார். மலாயர், சாவகர், பிலிப்பினியர் ஆகியோரைப் பற்றியது அந்நூல். நம் வெற்றிக்கதைகள் அதன் மறுபக்கமாக அமைந்துவிடும் இடர் உண்டு. வென்ற தமிழர் உழைப்பாளி எனின், வெல்லாத தமிழர் யார் என்ற வினாவுக்கு அக்கதைகளிடம் ஒரே விடைதான் இருக்கிறது. அவ்விடையைத் தோட்டத்திலிருந்து நகரத்துக்கு வந்த குடும்பத்துப் பிள்ளை வகுப்பில் அமர்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறான்.

நாவலின் எல்லைகள்

இந்நாவலை நாம் குறையற்றதாகக் கருதவில்லை. வட்டிக்கடையின் உள்ளமைப்பை இவ்வளவு நுட்பமாகக் காட்டும் ஆசிரியர், கடன் வாங்கியோரை நிழலாகவே விட்டுவிடுகிறார். கடையின் வளர்ச்சிக்குத் தங்கள் நிலத்தையும் நகையையும் ஈடாக வைத்தவர்களின் உழைப்பு கணக்கில் வரவில்லை. மரகதமும் பெரும்பாலும் துன்புறுபவளாகவே நிற்கிறாள்; தொழிலின் எதிர்காலம் அவள்வழியே தீர்மானிக்கப்படுகையில் அத்தொழில் குறித்து அவளுக்கு ஒரு கருத்து இருந்திருக்கக் கூடுமென்பது நாவலுக்குத் தோன்றவில்லை. காமாட்சியம்மாளின் பாத்திரமே இவ்விடத்தில் ஓரளவு ஆறுதல் தருகிறது. காதல் பகுதிகளின் நடை அக்காலத்து இதழ்க்கதைகளின் சாயலைக் கொண்டிருப்பதையும் மறுப்பதற்கில்லை. போட்டிக்கு ஏற்ற உருவில் அமைந்ததோ என ஐயுற இடமுண்டு.

எனினும் முடிவில் சிங்காரம் எளிய வழியை நாடவில்லை. செல்லையா முதலாளியை வென்று மரகதத்தை அடைவதாக முடித்திருக்கலாம். அவன் தனித்து நின்று பெரும் பொருள் ஈட்டி, முதலாளி வெட்கித் தலைகுனிவதாகவும் முடித்திருக்கலாம். இதழ் வாசகர் அதனைப் பெரிதும் விரும்பியிருப்பர். நாவல் இரண்டையும் விலக்குகிறது. செல்லையா இழக்கிறான். பழந்தமிழ் இலக்கியத்தில் தோய்ந்து எள்ளலோடு பேசும் நண்பன் மாணிக்கத்தின் துணையோடு அவ்விழப்பை எதிர்கொள்கிறான். அவன் பெறுவது மனத்தளவிலான ஒரு தெளிவே. வணிகம், திருமணம் என உலகியலில் அவன் கணக்கு நட்டத்தில் முடிகிறது.

‘புயலிலே ஒரு தோணி’யில் இதே பினாங்கும் இதே மாணிக்கமும் மீண்டும் வருகின்றனர். செல்லையாவின் இடத்தில் பாண்டியன் வருகிறான். பாண்டியனும் வட்டிக்கடையில் தொழில் பழகியவன்; செல்லையாவினும் திறமும் துணிவும் மிக்கவன். எத்தொழிலையும் எளிதில் கற்றுக்கொள்கிறான், எதிலும் நிலைப்பதில்லை. செல்லையாவிடம் சிங்காரம் எழுப்பிய வினாவையே பாண்டியனிடமும் எழுப்புகிறார். இம்முறை மறுப்பதற்கு வயிரமுத்துப் பிள்ளை போன்ற ஒருவர் இல்லை. தடுப்பவர் எவருமின்றியும் பாண்டியன் ஊர் திரும்பாமல் சுமாத்திராவில் மடிகிறான். இரு நாவல்களையும் அருகருகே வைத்து, முதலாளியின் மறுப்பு செல்லையாவை எதிலிருந்து தடுத்தது, எதிலிருந்து காத்தது என்று ஆராய்வதற்கு இன்னும் இடமிருக்கிறது. முதல் நாவல் அச்சேறப் பரிசொன்று வரும்வரை காத்திருந்த சிங்காரம், இரண்டாவது அச்சேறப் பத்தாண்டளவு காத்திருந்தார். அதன்பின் மதுரையில் கால்நூற்றாண்டு வாழ்ந்தும் அவர் மூன்றாவது நாவலை எழுதவில்லை.